பாதி செலவுல வெளிநாட்டுல உக்காந்து ஆன்லைன் தொழில் பண்ணலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயசு 31, இன்னும் கல்யாணம் ஆகல. ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டே ரெண்டு வருஷமா ஆன்லைன்ல மூணு சின்ன தொழில் பண்ணிட்டு இருக்கேன். ஃப்ரீலான்சர்களுக்கு பில்லு, வரவு செலவு பாக்குற ஸ்ப்ரெட்ஷீட் டெம்ப்ளேட் 9 டாலருக்கு விக்கிறேன், கீபோர்டு ரிவ்யூ எழுதுற சைட் ஒண்ணு, டி-ஷர்ட் பிரிண்ட் ஆன் டிமாண்ட் கடை (ஆர்டர் வந்தப்புறம் வேற கம்பெனி பிரிண்ட் பண்ணி அனுப்பும்) ஒண்ணு. என் மாசச் செலவு 100ன்னா இந்த மூணுலயும் சேத்து 18 வருது. சேமிப்பு சரியா ஒரு வருஷச் செலவுக்கு இருக்கு. வேலைய விட்டுட்டு செலவு பாதியா இருக்குற நாட்டுக்கு போனா அதே காசுல ரெண்டு வருஷம் ஓட்டலாம்ல? டூரிஸ்ட் விசாவுல ரெண்டு மாசத்துக்கு ஒரு நாடுன்னு மாறிக்கிட்டே இருந்தா, ஒரு நாட்டு டேக்ஸ்ல மாட்டுறதுக்கான 183 நாள் எங்கயும் ஆகாது, டேக்ஸும் கட்ட வேணாம், எஸ்டோனியா இ-ரெசிடென்சி எடுத்து கம்பெனி ஆரம்பிச்சிடுன்னு நண்பர்கள் சொல்றாங்க. சரியா வருமா?

பதில்:

வணக்கம் தம்பி. ஆன்லைன்ல சம்பாதிக்கிறவங்களுக்கு டேக்ஸ், கணக்கு பாத்து குடுக்குறதுதான் என் தொழில், இதே பிளானோட நிறைய பேர் என் முன்னாடி வந்து உக்காந்திருக்காங்க. உங்க யோசனையோட அடிப்படை சரி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அத நீங்க செய்ய நினைக்கிற விதம் தப்பு, அதாவது செலவு கம்மியான இடத்துக்கு போறது உங்களுக்கு டைம வாங்கித் தருது, ரெண்டு மாசத்துக்கு ஒரு நாடுன்னு ஓடுறப்போ அதே டைமத்தான் திருப்பிக் குடுத்துட்டு வர்றீங்க. ஒரு இடத்துல அசையாம உக்காந்தாத்தான் இந்த கணக்கு உங்களுக்கு வேலை செய்யும்.

முதல்ல காசு. உங்க 100 கணக்குலயே போவோம். சேமிப்பு 1200, அங்க செலவு 50, அப்போ 24 மாசம்னு போட்டிருக்கீங்க. இதுல திரும்பி வர்ற டிக்கெட்டும், வந்து வேலை தேடுற வரைக்கும் தேவைப்படுற காசும் சேத்து ஒரு 200ஐ தனியா எடுத்து வெச்சிடுங்க, அத தொடவே கூடாது. போற டிக்கெட், விசா ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ், முதல் மாசம் எல்லாமே கூட விலைக்கு வாங்குறது, அதுக்கு ஒரு 100. மிச்சம் 900. மாசச் செலவு 50ன்னு நீங்க சொல்றது வாடகையும் சாப்பாடும் மட்டும்தான், இன்சூரன்ஸ், விசா நீட்டிப்பு, சாஃப்ட்வேர் சந்தா, லேப்டாப் ரிப்பேர்னு பிரிச்சு போட்டா இன்னொரு 10 வரும். ஆக 60. 900ஐ 60ஆல வகுத்தா 15 மாசம். 24ன்னு நெனச்சது 15 ஆயிடுச்சு, இதப் பாத்து பயப்பட வேணாம், இதுதான் உண்மையான நம்பர், இத வெச்சு தைரியமா முடிவு எடுக்கலாம்.

இப்போ நல்ல பக்கத்த பாருங்க. ஏற்கனவே 18 வந்துட்டு இருக்கு இல்லையா. சொந்த ஊர்ல அது 100ல 18, அங்க அது 60ல 18, அதாவது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. அந்த வருமானம் குறையாம இருந்தா கையிலேந்து போறது மாசம் 42தான், டேக்ஸ கழிக்காம பாத்தா 21 மாசம் தாங்கும். அதவிட முக்கியம், ஊர்ல இருந்தா 18ஐ 100 ஆக்கணும், அங்க 60 ஆக்குனா போதும், அதுக்கப்புறம் சேமிப்புல கை வெக்கவே வேண்டியதில்ல. சின்ன தொழில் பண்றவங்களுக்கு எளிமையா வாழுறது ஏன் இவ்வளவு உதவுதுன்னா இதனாலதான், ஒவ்வொரு செலவ குறைக்கும்போதும் தொழில் எட்ட வேண்டிய கோடும் கூடவே கீழ இறங்குது.

ஆனா ஒரு ஆபத்து இருக்கு, இத நான் திரும்ப திரும்ப பாக்குறேன். செலவு 60ல பழகிட்டவங்க விலையையும் 60க்கு ஏத்த மாதிரியே வெக்க ஆரம்பிச்சிடுறாங்க. நமக்கு இவ்வளவு வந்தா போதுமேன்னு தோணிடும். நீங்க எந்த ஊர்ல என்ன வாடகை குடுக்குறீங்கன்னு உங்க டெம்ப்ளேட் வாங்குறவருக்கு தெரியாது, தெரிஞ்சாலும் அவருக்கு அது தேவையில்ல, அவருக்கு மாசக் கடைசில பில்லு போடுற நாலு மணி நேர வேலை அரை மணி நேரத்துல முடியுதாங்குறதுதான் விஷயம். விலைய அத வெச்சு போடுங்க. நாளைக்கு அப்பா அம்மாவுக்கு முடியாம போச்சு, கல்யாணம் ஆச்சு, ஊருக்கே திரும்பணும்னா அப்போ 60 சம்பாதிக்கிற தொழில் உங்கள தாங்காது.

அந்த 9 டாலரையே எடுத்துக்கோங்க. வரி கணக்கையும் சேத்து பாத்துக்குற விற்பனை தளங்கள் இருக்கு, பேடில், லெமன் ஸ்குவீசி மாதிரி, இதுங்களோட அடிப்படை கட்டணம் ஒரு விற்பனைக்கு 5 சதவீதமும் கூட 50 சென்ட்டும். 9 டாலருக்கு 95 சென்ட் போயிடுது, பத்து சதவீதத்துக்கு மேல. மூணு டெம்ப்ளேட்ட ஒண்ணா சேத்து, எப்படி பயன்படுத்தணும்னு ஒரு இருபது நிமிஷ வீடியோ போட்டு 29 டாலருக்கு வித்தா கட்டணம் 1.95 டாலர், ஏழு சதவீதத்துக்கும் கீழ. கைக்கு வர்றது 27 டாலர் சொச்சம், அதாவது பழைய மூணு விற்பனைக்கு மேல ஒரே விற்பனைல வந்துடுது. சப்போர்ட் மெயில் அனுப்புற ஆளும் ஒருத்தர்தான். அந்த 50 சென்ட் சின்ன விலைல எவ்வளவு பெரிய கடி கடிக்குதுன்னு பெரும்பாலானவங்க பாக்குறதே இல்ல.

அப்புறம் ஏன் அந்த மாதிரி தளம்தான் வேணும்னு சொல்றேன்னா, ஐரோப்பிய யூனியன்ல 2015 ஜனவரி 1லேந்து டிஜிட்டல் பொருளுக்கு வாங்குறவர் எந்த நாட்டுல இருக்காரோ அந்த நாட்டு வாட், அதாவது விற்பனை மேல போடுற வரி, கட்டணும். லக்சம்பர்க்ல 17 சதவீதம், ஹங்கேரில 27 சதவீதம், ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு ரேட். யூனியனுக்கு வெளிய இருந்து தனி ஆளுங்களுக்கு விக்கிறவருக்கு இவ்வளவுக்கு கீழ வித்தா வேணாம்ங்குற வரம்பும் கிடையாது, முதல் விற்பனைலேந்தே பொறுப்பு வந்துடுது. பிரிட்டன்லயும் வெளிநாட்டு விற்பனையாளருக்கு இதே நிலைதான். ஸ்ட்ரைப் மாதிரி கார்டு பேமென்ட்ட மட்டும் சைட்ல சொருகிட்டு நேரா விக்கிறவங்க இத அப்படியே மறந்துடுறாங்க. மேல சொன்ன தளங்கள் சட்டப்படி தாங்களே விற்பனையாளரா நின்னு அந்த வாட்ட வசூல் பண்ணி கட்டிடும், கம்ரோடுங்குற விற்பனை தளமும் 2025 ஜனவரி 1லேந்து இந்த முறைக்கு மாறிடுச்சு. தனி ஆளா தொழில் பண்ற உங்களுக்கு அந்த கூடுதல் கட்டணம் தாராளமா தகும்.

சரி, இப்போ விசா. டூரிஸ்ட் விசாங்குறது சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு குடுக்குறது. ஆன்லைன் வேலை, கஸ்டமர் எல்லாம் வேற நாட்டுல, அதனால பரவாயில்லன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, ஒவ்வொரு நாட்டு சட்டமும் இத ஒவ்வொரு மாதிரி பாக்குது, நிறைய இடத்துல நீங்க எங்க உக்காந்து வேலை பாக்குறீங்கன்னுதான் பாக்குறாங்க. ஏர்போர்ட்ல அதிகாரி கேட்டா என்ன சொல்றதுன்னு ஒவ்வொரு ரெண்டு மாசமும் வயித்துல பயத்த வெச்சுக்கிட்டு வரிசைல நிக்கிறதுக்கு இப்போ அவசியமே இல்ல, ஏன்னா 2020லேந்து இதுக்குன்னே விசா வந்துடுச்சு. எஸ்டோனியா 2020 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, மலேசியாவோட டிஇ ரன்டாவ் 2022ல வந்துச்சு, போர்ச்சுகலோட டி8 அதே வருஷம், அதுக்கு அந்த நாட்டு குறைஞ்சபட்ச சம்பளத்துல நாலு மடங்கு மாச வருமானம் காட்டணும். உங்க வருமானத்துக்கு இந்த வருமான விசா எல்லாம் இப்போ ஒத்து வராது, அத தெளிவா சொல்லிடுறேன். சேமிப்ப பாக்குற விசாவத்தான் நீங்க தேடணும், உதாரணமா தாய்லாந்து 2024 ஜூலைல கொண்டு வந்த டிடிவி, அஞ்சு வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவையும் 180 நாள் வரைக்கும் தங்கலாம், கணக்குல 5 லட்சம் பாட் இருக்கணும், கூடவே ரிமோட்டா வேலை பாக்குறதுக்கு ஆதாரமும் கேப்பாங்க. அங்கதான் போகணும்னு நான் சொல்லல, இந்த மாதிரி ஒரு நாட்ட புடிச்சு உக்காருங்கன்னு சொல்றேன்.

நாள் கணக்குல எப்படி வழுக்கும்னு ஒண்ணு சொல்றேன். போன வருஷம் ஒரு டிசைனர் பொண்ணு வீடியோ கால்ல வந்தா. ஷெங்கன் பகுதில, அதாவது ஒரே விசாவுல சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகள்ல, 80 நாள் இருந்திருக்கா, மூணு வாரம் வெளிய போயிட்டு மறுபடி உள்ள வந்து ஆறு நாள் ஆச்சு, வெளிய போனதால கவுன்ட்டர் திரும்ப பூஜ்ஜியத்துலேந்து ஆரம்பிச்சிருக்கும்னு நெனச்சு ஒரு மாச வாடகையும் கட்டிட்டா. பாஸ்போர்ட்ட கேமரா முன்னாடி காட்டச் சொன்னேன், ஒரு முத்திரைல தேதி மை கலைஞ்சு 3ஆ 8ஆன்னே தெரியல, போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சு, பழைய விமான டிக்கெட் மெயிலோட ஒப்பிட்டு பாத்து ஒவ்வொரு நாளா எண்ணுனோம். விதி என்னன்னா எந்த ஒரு நாள்ல நின்னு பாத்தாலும் பின்னாடி 180 நாளுக்குள்ள மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம், வந்த நாளும் போன நாளும் ரெண்டுமே முழு நாளா கணக்கு. 80ம் 6ம் 86, அவளுக்கு மிச்சம் இருந்தது நாலே நாள். வாடகை போச்சு, ஆனா நேரத்துக்கு வெளிய வந்துட்டா. இப்போ 29 நாடு இந்த ஷெங்கன்ல இருக்கு, ஒரு நாட்டுலேந்து இன்னொரு நாட்டுக்கு போனா எல்லாம் ஒரே கணக்குதான். 2025 அக்டோபர் 12லேந்து முத்திரைக்கு பதிலா கைரேகை, முகம் பதிவு பண்ற கம்ப்யூட்டர் முறைக்கு வேற மாற ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு நாள் கூடுனாலும் மெஷினே காட்டிக் குடுத்துடும். அதனால நாள் கணக்குக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்க, அது உங்க தொழிலே ஆச்சே.

டேக்ஸ் விஷயத்துல உங்க நண்பர்கள் சொன்னது ஆபத்தான அரைகுறை. 183ங்குறது நிறைய நாட்டுல இருக்குற ஒரு கோடு, ஆனா அது ஒண்ணு மட்டுமே கோடு இல்ல. தாய்லாந்துல 180 நாள். பிரிட்டன்ல 2013 ஏப்ரல்லேந்து இருக்குற முறைப்படி, முன்னாடி அங்க இருந்தவருக்கு குடும்பம், வீடு, வேலைன்னு தொடர்பு நிறைய இருந்தா வெறும் 16 நாள் தங்குனாலே அவர் அந்த நாட்டு டேக்ஸ்ல வந்துட முடியும். அமெரிக்க குடியுரிமை இருந்தா உலகத்துல எங்க இருந்தாலும் கணக்கு காட்டணும். எங்கயும் தங்கலங்குறதால எங்கயும் டேக்ஸ் இல்லன்னு ஆயிடாது, பெரும்பாலும் நீங்க விட்டுட்டு வந்த நாடு இன்னும் நீ என் ஆளுதான்னு சொல்லும், அங்க உங்க வீடு, பேங்க், குடும்பம் எல்லாம் இருக்கே. ரெண்டு நாடு ஒரே சமயத்துல உரிமை கொண்டாடுனா, அந்த ரெண்டுக்கும் நடுவுல வரி ஒப்பந்தம் இருந்தா பொதுவா ஒரு வரிசைல பாப்பாங்க, நிரந்தர வீடு எங்க, குடும்பமும் பொருளாதாரமும் எங்க, வழக்கமா தங்குறது எங்க, கடைசியாத்தான் எந்த நாட்டு குடிமகன்ங்குறது.

இது வெறும் பேப்பர் விஷயம்னு நெனைக்காதீங்க. பேங்க் அக்கவுண்ட் தொறக்கும்போது உங்க டேக்ஸ் ரெசிடென்சி, அதாவது வரிக்கு நீங்க எந்த நாட்டு ஆளுங்குறது, எந்த நாடு, அந்த நாட்டு வரி எண் என்னன்னு ஒரு கட்டம் இருக்கும் பாத்திருக்கீங்களா, அத காலியா விட முடியாது. 2014ல ஓஇசிடிங்குற நாடுகளோட கூட்டமைப்பு கொண்டு வந்த சிஆர்எஸ் ஏற்பாட்டுல 2017லேந்து நாடுகள் பேங்க் விவரத்த தங்களுக்குள்ள பரிமாறிக்குது, நூறுக்கு மேல நாடுகளும் பகுதிகளும் இதுல சேந்திருக்கு. எந்த நாட்டோட பேரையும் எழுத முடியாத ஆளுக்கு அந்த கட்டம்தான் முதல் தொல்லை. நான் சொல்றது, ஒரு நாட்டுல ஒழுங்கா ரெசிடென்ட்டா இருந்து, அங்க கட்ட வேண்டியத கட்டி, அந்த நாட்டுலேந்து டேக்ஸ் ரெசிடென்சி சர்டிஃபிகேட் வாங்கி வெச்சுக்கோங்க. அந்த ஒரு பேப்பர் கையில இருந்தா ரெண்டு பக்கமும் தைரியமா பேசலாம்.

இ-ரெசிடென்சி பத்தி. எஸ்டோனியா 2014 டிசம்பர்ல ஆரம்பிச்சது, நல்ல திட்டம்தான், ஆனா அது ஒரு டிஜிட்டல் அடையாள அட்டை. அத வெச்சு அங்க போய் வாழ முடியாது, அது விசாவும் இல்ல, டேக்ஸ் ரெசிடென்சியும் இல்ல. கம்பெனி எஸ்டோனியால இருந்தாலும் நீங்க வேற நாட்டுல ஒரு ரூம்ல உக்காந்து எல்லா முடிவையும் எடுத்தா, அந்த கம்பெனி எங்க ஊர்லேந்துதான் நடக்குதுன்னு அந்த நாடு வரி கேக்கலாம். மாசம் 18 வர்ற தொழிலுக்கு இப்போ கம்பெனியே வேணாம். வருஷக் கணக்கு தாக்கல், அக்கவுண்டன்ட் ஃபீஸ்னு அந்த 18லேந்தே தின்னுடும். தனி நபர் பேர்லயே பண்ணுங்க, 60ஐ தாண்டுனதும் யோசிப்போம்.

கெளம்புறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதுல எல்லாரும் கோட்ட விடுறது ஓடிபி. என்கிட்ட வர்ற ஒருத்தர் அஞ்சு வாரத்துல நாலு நாட்டுலேந்து லாகின் பண்ணியிருக்கார், அவர் பேமென்ட் கம்பெனி சந்தேகப்பட்டு அக்கவுண்ட நிறுத்தி வெச்சிடுச்சு, சரிபார்க்க ஓடிபி அனுப்புனா அது போறது ஊர்ல இருக்குற பழைய நம்பருக்கு, அந்த சிம் ரீசார்ஜ் பண்ணாம செத்துப் போச்சு. ஒம்பது நாள் ஒரு பைசா எடுக்க முடியல, ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுறார், குரலே மாறிப் போச்சு அவருக்கு. அதனால உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க, பேங்க், மெயில், டொமைன், விற்பனை தளம், எதுக்கெல்லாம் ஓடிபி எஸ்எம்எஸ்ல வருதுன்னு. முடிஞ்சதையெல்லாம் எஸ்எம்எஸ் இல்லாம போன்லயே கோட் காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாத்துங்க, பேக்கப் கோட பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட ஒண்ணு, வீட்டுல நம்பிக்கையான ஆள்கிட்ட ஒண்ணு. ஊர் சிம்ம உயிரோட வெச்சிருங்க. பணம் வர்ற வழியும் ரெண்டு இருக்கட்டும், பொதுவா வீசா கார்டுல வாங்குனவர் 120 நாள் வரைக்கும் பணத்த திரும்ப கேக்க முடியும்ங்குறதால, அக்கவுண்ட மூடுனா கம்பெனிங்க பல மாசம் பாக்கிய பிடிச்சு வெச்சுக்குவாங்க, ஒரே வழிய நம்பி வெளிநாட்டுல இருக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் ஒரு வரில சொல்றேன், டிராவல் இன்சூரன்ஸ் வேற, ஹெல்த் இன்சூரன்ஸ் வேற, ஆறு மாசத்துக்கு மேல இருக்கப் போறீங்கன்னா ரெண்டாவதுதான் வேணும், அப்புறம் செல்லுபடியாகுற லைசென்ஸ் இல்லாம பைக் ஓட்டி விழுந்தா பெரும்பாலும் எந்த பாலிசியும் குடுக்காது.

கடைசியா உங்க மூணு தொழில். டி-ஷர்ட்ட இந்த மாசமே நிறுத்திடுங்க. பார்சல் லேட், சைஸ் சரியில்லன்னு வர்ற மெயிலுக்கெல்லாம் நீங்க பதில் சொல்லணும், ஆனா பிரிண்ட் பண்றதும் அனுப்புறதும் வேற ஆளு, உங்க கையில எதுவுமே இல்ல. கீபோர்டு சைட்ட விட வேணாம், அதுக்காக அதயே நம்பவும் வேணாம், 2023 செப்டம்பர்லேயும் 2024 மார்ச்லேயும் கூகுள் தேடல்ல செஞ்ச மாற்றத்துல எத்தனையோ சின்ன ரிவ்யூ சைட்டுங்க படுத்துடுச்சு, அத பாத்துட்டுதான் சொல்றேன். படிக்க வர்றவங்ககிட்ட மெயில் ஐடி வாங்கி வெச்சுக்கோங்க, அந்த லிஸ்ட்ட எந்த தேடுபொறியும் உங்ககிட்டேந்து எடுக்க முடியாது. மிச்ச நேரம் எல்லாம் டெம்ப்ளேட்டுக்கு. ஏற்கனவே காசு குடுத்து வாங்குன ஆளுங்க இருக்காங்க இல்ல, அவங்கள்ல பத்து பேருக்கு தனித்தனியா மெயில் போட்டு எந்த ஷீட்ட தெனமும் தொறக்குறீங்க, எத தொறக்கவே இல்லன்னு கேளுங்க. 29 டாலர் பேக்ல என்ன போடணும்னு அந்த பத்து பதில்லயே இருக்கும்.

வேலைய உடனே விட வேணாம். லீவு போட்டு அந்த நாட்டுல ஒரு மூணு வாரம் போய் இருங்க, முதுகு சாஞ்சு உக்கார நல்ல நாற்காலி உள்ள வீடா பாருங்க, இது சின்ன விஷயம் இல்ல, படுக்கைல உக்காந்து லேப்டாப் தட்டுனவங்க மூணாவது மாசம் பிசியோதெரபிக்கு குடுத்த காசுல அந்த நாற்காலிய வாங்கியிருக்கலாம். சாயங்காலம் ஆனா பேச ஒரு ஆள் இல்லாம எப்படி இருக்குன்னும் அங்க போய் பாத்தாத்தான் தெரியும். அதுக்குள்ள 29 டாலர் பேக் வெளிய வந்து, மாச வருமானம் 18லேந்து 30ஐ தொட்டிருந்தா ராஜினாமா லெட்டர் குடுங்க. எந்த நாடுன்னு முடிவு பண்ணதும், வீட்டு ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, அந்த விசா விதி இருக்குற அரசாங்க பக்கத்தையும் உங்க நாள் கணக்கு ஷீட்டையும் எனக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன்.